நெட்டையனைச் சாய்த்தவன்

பின்வாசலாம்! தலையில் முக்காடாம்! எதிர்வீட்டு எண்ணெய்க்காரி தன் கண்ணாலேயே பார்த்தாளாம். அரண்மனைக்குப் பின்வாசல் என்று ஒன்று உண்டா என்று முதலில் அவளைக் கேளுங்கள். பின்பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை. அதில் இறங்கி ஓடியிருந்தால் என் தம்பி ராஜா இல்லை, பல்லி.

இன்னொரு பேச்சும் தெருவில் சுற்றுகிறது. அவன் வாழ்நாளில் ஓர் அம்புகூட விட்டதில்லையாம். வீரன் என்பதெல்லாம் புளுகாம். முதல் பாதி நிஜம். அவன் அம்பு விட்டதே இல்லை. விட்டதாக எவரிடமும் சொன்னதும் இல்லை. இரண்டாம் பாதிக்குத்தான் நான் மல்லுக்கு நிற்பேன். அவனை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள் நான். அவன் ஆண்ட காலம் முழுக்க அரண்மனைச் சமையற்கட்டுக்கு அடுத்த அறையில் இருந்தவள் நான். அவன் வாசலைத் தாண்டிப் போன அன்று பக்கத்தில் நின்றவளும் நான்தான். எண்ணெய்க்காரி அப்போது எங்கே நின்றாள்? கூரை இல்லாத வீட்டில், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் மெத்தைக்காரர்கள். கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் ஒரு பக்கம் சாய்ந்துபோன மரப்படி. பட்டறையின் சன்னலைத் திறக்க விடமாட்டார் அப்பா. திறந்தால் பஞ்சு பறந்து பக்கத்து வீட்டுக் குழம்பில் விழும். பிறகு குழம்பு தெருவுக்கு வரும், சண்டையாக. பஞ்சு அடிக்கிற வில் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். ஆளைவிட நீளமாக இருக்கும் அது. நரம்பை முறுக்கி நாண் கட்டியிருப்பார்கள். அந்த நாணைப் பஞ்சுக் குவியலுக்குள் விட்டு, கட்டையால் ஒரு இழுப்பு இழுத்துத் தட்டினால் ‘டொய்ங்’ என்று வீடே அதிரும். கல்லு மாதிரி கட்டி தட்டிப் போன பழைய பஞ்சு, கொதிக்கிற பால் மாதிரி பொங்கி எழும்.

தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அவனை ஒரு குவியலின் ஓரத்தில் படுக்க வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தால் பிள்ளையைக் காணோம். அம்மா அலற, அப்பா கட்டையை வீசிவிட்டுத் தேட, தெருவே உள்ளே வந்துவிட்டது. கடைசியில் பஞ்சு தும்மியது. அப்படித்தான் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து அவனுக்குப் பஞ்சுத்தலை என்று பெயர். எத்தனை முறை எண்ணெய் வைத்து வாரினாலும் சாயங்காலம் தலையில் வெள்ளையாக நான்கு இழை நிற்கும். முடிசூட்டு நாளன்றும் நின்றது. நான்தான் பொறுக்கினேன்.

அப்பாவுக்குப் பிறகு பட்டறை எங்கள் இரண்டு பேர் கையில். அவன் அடிப்பான், நான் தைப்பேன். அவன் வேலை சுத்தம். ஒரே ஒரு குறை, மெத்தையைத் தைத்து முடித்ததும் அதில் படுத்துப் பார்ப்பான். படுத்தால் எழுந்திருக்க மாட்டான்.

“டேய், மெத்தை கேட்டவங்க வாசல்ல நிக்கிறாங்கடா!”

“இரு அக்கா, இடது ஓரம் சரியா இருக்கான்னு பாத்துட்டு இருக்கேன்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

“கண்ணால பாக்குற ஓரமா அது?”

இப்படியே படுத்துப் படுத்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் அவர் முந்தின நாள் எப்படித் தூங்கினார் என்று சொல்லிவிடுவான். கழுத்தைத் திருப்புகிற விதத்தைப் பார்ப்பான், கண்ணைப் பார்ப்பான், “தலையணை உசரம் ஜாஸ்தி உங்களுக்கு” என்பான். எண்ணெய்க்காரியிடமும் சொல்லியிருக்கிறான்: “சரியாத் தூங்குங்கக்கா, பாதிச் சண்டை குறையும்.” அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் கல்லுக்காடு. புல் முளைக்காது, மரம் நிற்காது, பார்த்த இடமெல்லாம் பாறை. அங்கே இருந்தார்கள் நெட்டையர்கள். நம் கோட்டைச் சுவர் அவர்களுக்கு இடுப்பளவு. ஆற்றில் தண்ணீர் வற்றியதும் நடந்தே இந்தப் பக்கம் வருவார்கள். கூரையைப் பிய்ப்பார்கள், வைக்கோல் போரைக் கட்டோடு தூக்குவார்கள், போய்விடுவார்கள். கோழியைத் தொட மாட்டார்கள், ஆட்டைத் தொட மாட்டார்கள். “மாட்டுச் சாதிடா, வைக்கோல் தின்னுது” என்று நம் ஊரில் பேசிக்கொண்டோம். கேட்டுப் பார்க்க எவருக்கும் தைரியம் இல்லை. காலுக்கு அடியில் நின்றுகொண்டு யார் கேட்பது?

அப்போது இருந்த பழைய ராஜாவுக்கு வயதாகிவிட்டது, பிள்ளை குட்டி இல்லை. ஒருநாள் சபையில் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாராம், “நெட்டையனுங்க எனக்குத் தலைவலி. இதுவும் தலைவலி. அந்தத் தலைவலியை யாரு நிறுத்துறானோ, இந்தத் தலைவலியையும் அவனே எடுத்துக்கட்டும்.” அவ்வளவுதான் சட்டம். தண்டோரா போட்டு ஊருக்கே சொன்னார்கள்.

படைக்கு ஆள் பிடிக்க ஓர் அதிகாரி எங்கள் தெருவுக்கு வந்தார். வாசலிலேயே தும்மல் பிடித்துக்கொண்டதால் உள்ளே வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். இருட்டுப் பட்டறைக்குள் ஆளைவிட உயரமான வில், பக்கத்தில் வியர்வை வழிய என் தம்பி. வேறொன்றும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

“என்னப்பா, வில்லு பிடிப்பியா?”

“பொழுது விடிஞ்சா அதுதானே கையில.”

“நாண் யாரு கட்டுனது?”

“நானே முறுக்குனதுங்க. அறுந்ததே இல்லை.”

“சரி, அடிச்சா எப்படி இருக்கும்?”

“பஞ்சு பஞ்சாப் பறக்கும்ங்க.”

அதிகாரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “இவனைத்தான் இத்தனை நாளாத் தேடினேன்” என்று வில்லோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். நான் படியிலிருந்து கத்தினேன், “ஐயா, அவன் மெத்தைக்காரன்யா!”

“கவலைப்படாதீங்கம்மா,” என்றார் அவர். “படைக்கு வந்தா மெத்தை எல்லாம் மறந்துடுவான்.”

மறக்கவில்லை. அதுதான் விஷயம்.

தண்ணீர் வற்றியதும் நெட்டையர்கள் வந்தார்கள். நான் மற்றப் பெண்களோடு கோட்டைச் சுவரின் மேல் நின்றேன். கீழே வில்லாளிகள் வரிசையாக நின்று அம்பு விட்டார்கள். முன்னால் வந்தவன் அவர்களின் தலைவன். அம்புகளைத் துணியில் ஒட்டிய நெருஞ்சி முள்ளைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டான். அவன் ஒரு காலை எடுத்து வைத்ததும் வரிசை கலைந்தது. எல்லாரும் ஓடினார்கள். என் தம்பி ஓடவில்லை. வீரத்தால் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய வில்லைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, கீழே போட்டுவிட்டு ஓட அவனுக்கு மனசு வரவில்லை, அப்பாவுடைய வில். பயத்தில் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கட்டையை எடுத்து நாணில் ஓங்கித் தட்டினான்.

டொய்ங்.

நெட்டையன் நின்றுவிட்டான். தூக்கிய காலைத் தூக்கியபடி வைத்துக்கொண்டு, “என்ன சத்தம் அது?” என்றான். அவன் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். குனிந்து முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். ஒவ்வொரு கண்ணும் ஒரு கிணறு அளவு, செக்கச்செவேல் என்று. பக்கத்தில் நின்ற பெண்கள், “ஐயோ, என்ன கோபம் பாரு கண்ணுல” என்று அழுதார்கள். கீழே நின்ற என் தம்பிக்கு அந்தக் கண்ணில் கோபம் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது வேறு.

“அண்ணே,” என்றான். “நீங்க ஒழுங்காத் தூங்கி எவ்வளவு காலமாச்சு?”

நெட்டையன் ஆற்று மணலில் உட்கார்ந்தான். சுவர் குலுங்கியது. “தூக்கமா?” என்றான். “பாறை மேல படுத்தா எங்கேருந்து வரும்? உங்க வைக்கோலைக் கொண்டுபோய் விரிச்சுப் பாத்தோம். ரெண்டு புரளுக்குப் பொடியாயிடுது.”

அத்தனை வருஷமாக அவர்கள் தின்கிறார்கள் என்று நினைத்தோமே, அந்த வைக்கோல் படுக்கைக்கு. பாவம்.

“எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்கண்ணே,” என்றான் தம்பி. “ஒண்ணு செஞ்சு தரேன். படுத்துப் பாருங்க. பிடிக்கலைன்னா என்னை மிதிச்சுட்டுப் போங்க.”

அதற்குப் பிறகு ஊரில் நடந்த கூத்து! யுத்தக் கூடாரங்களை எல்லாம் பிரித்து உறை தைத்தோம். ஓடத்துப் பாய்களையும் விடவில்லை. மெத்தைக்காரர் தெருவில் இருந்த பஞ்சு முழுவதும் ஆற்றங்கரைக்குப் போனது. போதாமல், அரண்மனைத் தலையணைகளைப் பழைய ராஜா தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். கரையில் பெரிய பந்தல் போட்டு வில்லைத் தொங்கவிட்டு, தம்பி இரவு தவிர மற்ற நேரமெல்லாம் அடித்தான். ஓடிப்போன வில்லாளிகள் திரும்பி வந்து கோணி ஊசி பிடித்தார்கள். அவர்களைத் தையல் வரிசையில் நிறுத்தி நான் விரட்டிய விரட்டுக்கு எந்தத் தளபதியும் கிட்ட வரமுடியாது. “கோத்து இழுப்பா, கோத்து இழு! எதிரி மேல இருக்குற கோபத்தை நூல் மேல காட்டாதே!”

நாலு வயல் அகலத்தில் மெத்தை தயாரானது. நெட்டையன் பாறை மேல் விரித்து, முதலில் கையால் அழுத்தினான். பிறகு ஒரு முழங்கால். பிறகு மெதுவாகச் சாய்ந்தான். ஒரு பெருமூச்சு விட்டானே, கோட்டைக் கொடிகள் எல்லாம் ஒரே பக்கம் பறந்தன. அவ்வளவுதான், குறட்டை. மற்ற நெட்டையர்கள் சுற்றி உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

எழுந்தபோது அவன் கண் வெள்ளையாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, “இது எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்?” என்று கேட்டான்.

“காலம் போனா பஞ்சு கட்டி தட்டும்ணே. தட்டினா அடிச்சுத் தரணும்.”

“யாரு அடிப்பா?”

“என் கையால செஞ்சது. நானே வந்து அடிச்சுத் தரேன்.”

இந்த ஒரு வார்த்தைதான். மெத்தை விற்கிற எவரும் சொல்கிற வார்த்தை. அப்பாவும் எல்லாரிடமும் சொல்வார், சொன்னபடி போவார். இதைக் கேட்டுவிட்டு நெட்டையர்கள் எங்கள் கூரைகளை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரின் கூரைகள் எல்லாம் அந்த வார்த்தையின் மேல்தான் நின்றன.

அப்படித்தான் பஞ்சுத்தலை ராஜாவானான். பட்டம் கூவுகிற புலவர்கள் ‘வில்லாதி வில்லர், நெட்டையனைச் சாய்த்தவர்’ என்று கூவினார்கள். தம்பி கூச்சத்தில் நெளிந்தான். “அக்கா, சொல்லிடவா? நான் அம்பு விடலைன்னு சொல்லிடவா?”

“எது பொய் அதுல?” என்றேன். “கையில இருந்தது வில்லு. அவரைச் சாய்ச்சது நீ. பேசாம நில்லு, தலையில பஞ்சு இருக்கு.”

ஆனாலும் அவன் சபையில் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னான். ஊர் சிரித்தது, நம்பவில்லை. ராஜாவுக்குத் தன்னடக்கம் என்று அதற்கும் ஒரு பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

நல்ல ராஜா அவன். சிம்மாசனம் கல்லால் ஆனது. முதல் உத்தரவாக அதற்கு ஒரு திண்டு தைத்தோம். வழக்கு என்று யார் வந்தாலும் இரண்டு பேர் கண்ணையும் பார்ப்பான். “ரெண்டு பேரும் போய் நல்லாத் தூங்கிட்டு வாங்க, அப்புறம் கேக்கிறேன்” என்பான். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். மந்திரி ஒருநாள் வந்து நின்றார்.

“ராஜா, வழக்கே வரமாட்டேங்குதே.”

“நல்லதுதானே மந்திரி.”

“ஊருக்கு நல்லதுங்க. எனக்கு வேலை?”

“நீங்களும் போய்த் தூங்குங்க.”

யுத்தமும் ஒன்று வந்தது. சமவெளியிலிருந்து குதிரைப்படை, புழுதி கண்ணை மறைக்க. நம் படையிடம் கூடாரம்கூட இல்லை, எல்லாம் மெத்தையாகிவிட்டதே. தம்பி வில்லைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆற்றங்கரைக்குப் போனான். இந்த முறை ஓட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். யாரும் இழுத்துப் போகவில்லை, தானாகப் போனான். குதிரைகள் நேரே வர, நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினான். அக்கரையில் நெட்டையன் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தான். “எவன்டா அது, தூங்குற நேரத்துல?” என்று ஒரு சத்தம். குதிரைகள் சொந்த ஊர் போய்த்தான் நின்றன. இதை வீரம் இல்லை என்கிறவர்கள் ஒரு தடவை அந்த இடத்தில் போய் நின்றுவிட்டு என்னிடம் பேசட்டும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஆட்சியில் ஒருநாள் மதியம் நெட்டையன் கோட்டைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். மற்றொரு கை இடுப்பில். “தம்பி, கட்டி தட்டிப்போச்சு. முதுகு போகுது.”

தம்பி உடனே எழுந்துவிட்டான். மந்திரி குறுக்கே வந்து கதவை மறித்தார். படை இல்லாமல் ஆற்றைத் தாண்டுகிற ராஜா, திரும்பி வந்தாலும் ராஜா இல்லை. அது பழைய சட்டம். முன்னொரு காலத்தில் எவனோ ஒரு ராஜா பொக்கிஷத்தோடு அக்கரைக்கு ஓடியதால் வந்த சட்டம்.

“படையோட போங்களேன்,” என்றார் மந்திரி.

“முதுகு வலின்னு கூப்பிடுறவர் வீட்டுக்குப் படையோடவா போவாங்க?”

“அப்ப வேற ஆளை அனுப்பலாம். நீங்க இப்பப் போகாதீங்க. ரெண்டு நாள் பொறுங்க.”

தம்பி அரை மனதோடு பொறுத்தான். மந்திரி கெட்டவர் இல்லை. அவருக்கு ராஜா வேண்டும், அவ்வளவுதான். அவனிடம் சொல்லாமல் படைவீட்டுக்கு ஆள் விட்டார்: ‘வில்லோடு நால்வர் அக்கரை போய் நெட்டையர் வேலையை முடித்து வரவும்.’ அவர் நினைத்தது பஞ்சு அடிக்கிற வேலையை. படைவீட்டில் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? நிஜ வில்லும் அம்பறாத்தூணியும் மாட்டிக்கொண்டு நாலு வீரர்கள் போனார்கள். படுத்திருந்த நெட்டையன் மேல் அம்பு விட்டார்கள். அவன் வில்களை வாங்கிப் பல் குத்திவிட்டு, அவர்களைச் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி இக்கரையில் வைத்தான். மறுநாள் காலை முதல் கூரை போனது. எண்ணெய்க்காரி வீட்டுக் கூரை. அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது: “வாக்கைக் காப்பாத்தத் தெரியாதவன் எதுக்குடா ராஜா?” ஆமாம், இன்று அவன் ஓடிப்போனான் என்று சொல்கிற அதே வாய்தான்.

தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் சபையில் எவரையும் திட்டவில்லை. என் அறைக்கு வந்து, நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

“பெரிய மெத்தை அக்கா,” என்றான். “நான் ஒருத்தன் அடிச்சுக்கிட்டே போனா, கடைசி மூலைக்கு வர்றதுக்குள்ள முதல் மூலை மறுபடி கட்டி தட்டியிருக்கும்.”

எனக்குப் புரிந்தது. முடிகிற வேலை இல்லை அது. போனால் போனதுதான்.

“நீ என்ன சொல்றே?” என்றான்.

“வாக்குக் குடுத்தது நீ. முதுகு வலிக்கிறது அவருக்கு. நடுவுல நான் என்னத்தைச் சொல்ல? கோணி ஊசி எடுத்து வைக்கவா?”

“பெரிசா ஒண்ணு எடுத்து வை.”

ஊசி, நூல்கண்டு, மூக்கில் கட்டுகிற துணி, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். அவன் கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். மந்திரி வாங்காமல் அழுதார்.

“யாரை ராஜாவா வைக்கிறது, சொல்லிட்டாவது போங்க.”

“நல்லாத் தூங்குற ஆளாப் பாருங்க, மந்திரி. தூங்காதவன் கையில மட்டும் குடுத்துடாதீங்க.”

நல்ல வெயில் நேரம். முன்வாசல். அரண்மனை வேலையாட்கள் எல்லாம் இரண்டு பக்கமும் நின்றார்கள். முக்காடு இல்லை, தலையில் வழக்கம்போல நாலு இழை பஞ்சுதான். நான் பொறுக்கவில்லை; பொறுக்கினால் அழுதுவிடுவேன். பட்டம் கூவுகிற ஆளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. ராஜா உள்ளே வந்தால் கூவ வேண்டும். ராஜாவாக இல்லாமல் வெளியே போனால்? வாயைத் திறந்து திறந்து மூடினான்.

வாசலில் வில் மாட்டிக்கொண்டது. உயர வாக்கில் நுழையவில்லை, குறுக்கு வாக்கிலும் நுழையவில்லை. தம்பி இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் காவல்காரர்களைப் பார்த்துச் சொன்னான், “அந்த முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கப்பா.” ஈட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு இருவரும் ஓடிவந்து பிடித்தார்கள். நான் நடுவில் கைகொடுத்தேன். சாய்த்துப் பிடித்ததும் வில் வெளியே வந்தது.

“போயிட்டு வரேன் அக்கா,” என்றான்.

“மூக்குல துணி கட்டிக்கடா,” என்றேன்.

தோளில் வில்லைப் போட்டுக்கொண்டு, தெரு நடுவே, எல்லாரும் பார்க்க நடந்தான்.